மாப்பிள்ளைக்கு இருபத்து மூன்று குணங்கள்

பழைய கார் வாங்க வருகிறவர்கள் எல்லாரும் முதலில் டயரை ஓர் உதை உதைத்துப் பார்க்கிறார்கள். அதில் என்ன தெரியும் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. என் வண்டியைப் பார்க்க வந்த பதினோரு பேரில் பத்துப் பேர் உதைத்தார்கள். உதைக்காதவள் அவள் ஒருத்திதான். பின் கதவைத் திறந்து, கையோடு கொண்டுவந்திருந்த அட்டைப் பெட்டி ஒன்றைச் சீட்டின் மேல் வைத்து, அது சாயாமல் நிற்கிறதா என்று குனிந்து பார்த்தாள். பிறந்தநாள் கேக் செய்து வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கிறவளாம். டாக்ஸியில் மடியில் வைத்துக்கொண்டு போய் மூன்று கேக்குகள் முகம் கோணிவிட்டனவாம். நான் அந்த இடத்திலேயே விலையைக் குறைத்துவிட்டேன். அவள் அதுவரை விலையே கேட்டிருக்கவில்லை.

நிதானமாகவே சொல்கிறேன் தம்பி, நீங்கள் எழுதிக்கொள்ள வசதியாக இருக்கும். நாற்பது வருஷம் அச்சகத்தில் பிழை திருத்தினவன் நான். ஒருவர் எழுதும் வேகம் எனக்குத் தெரியும். நீங்கள் ஆங்காங்கே ஒற்றெழுத்தை விட்டுவிடுகிறீர்கள். இந்த வழக்குக்கு அதனால் ஒன்றும் குறைந்துவிடாது.

எனக்கு வயது எழுபத்தொன்று. மனைவி போய் ஐந்து வருஷம் ஆகிறது. பிள்ளைகள் இல்லை. கண் மங்கிவிட்டது என்று ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்துவிட்டார்கள். அதனால்தான் வண்டியை விற்றேன். பணத்துக்காக விற்றேன் என்று எழுதிவிடாதீர்கள்.

நான் வாங்கும்போதே அந்த வண்டிக்கு எட்டு வயது. என்னிடம் பத்தொன்பது வருஷம் இருந்தது. அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தவள் என் மனைவி. தொட்டதற்கெல்லாம் முறுக்கிக்கொள்ளும். வெளியே கிளம்புகிற நேரம் பார்த்துக் கெஞ்ச வைக்கும். செலவுக்குமேல் செலவு இழுத்துவிடும். ஆனாலும் நாலு பேர் முன்னால் விட்டுக்கொடுக்க முடியாது. "பொண்ணு பெறாமலே நமக்கு மாப்பிள்ளை வந்துட்டார் பாருங்க" என்பாள்.

அதன் குணங்களைச் சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். வைப்பரைப் போட்டால் ஹாரன் அடிக்கும். ஆகவே மழை நாளில் மட்டும் ஊரே எங்களுக்கு வழி விடும். வெயில் ஏறிவிட்டால் ரிவர்ஸ் கியர் விழாது. ஒருமுறை மதிய வேளையில் ஒரு முட்டுச் சந்தில் மாட்டிக்கொண்டு, அந்த வீட்டுக்காரரின் வாசல் கதவையும் கொல்லைக் கதவையும் திறக்கச் சொல்லி, வீட்டுக்குள்ளேயே ஓட்டி அந்தப் பக்கத் தெருவுக்குப் போயிருக்கிறோம். அவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்கள். ரேடியோ ஒரே ஒரு நிலையத்தை மட்டும் பிடிக்கும். பழுதென்று அதைக் கழற்றி வீட்டில் வைத்த பிறகும் வண்டி இரண்டு நாள் பாடிக்கொண்டிருந்தது. என் மனைவியும் கேட்டாள். வேண்டாமென்றால் இதை எழுத வேண்டாம்.

இதையெல்லாம் ஏன் ரிப்பேர் செய்யவில்லை என்றுதான் எல்லாரும் கேட்பார்கள். கிளட்சும் பிரேக்கும் பார்ப்பேன். அதில் நான் கஞ்சத்தனம் பண்ணியதே இல்லை. மற்றதற்குச் செலவு செய்து என்ன ஆகப்போகிறது? இருபது வயதுக்கு மேலான வண்டியில் ஒன்றைச் சரி செய்தால் அதன் பக்கத்திலிருப்பது படுத்துக்கொள்ளும். பழகிக்கொள்வதுதான் மலிவு. எங்கே தட்டினால் எரியும், எத்தனை எண்ணினால் கிளம்பும் என்று தெரிந்து வைத்துக்கொண்டால் போதும். நானும் என் மனைவியும் அப்படித்தான் குடும்பம் நடத்தினோம்.

வண்டியைக் கொடுக்கும்போது அந்தக் குணங்களை எல்லாம் முத்து முத்தாக ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். இருபத்து மூன்று. ஏழாவது எனக்கு இன்னும் வரி பிசகாமல் நினைவிருக்கிறது. "ஸ்டார்ட் ஆகாவிட்டால் பதற வேண்டாம். ஆக்ஸிலரேட்டரை இரண்டு முறை அமுக்கிவிட்டு நாற்பது எண்ணவும். பிறகு சாவியைத் திருப்பவும். மூன்று நான்கு முறை இப்படிச் செய்தால் கட்டாயம் கிளம்பும். நடுவில் வண்டியை விட்டு இறங்கிப் போய்விட வேண்டாம்."

உண்மையில் குணங்கள் இருபத்தாறு. மூன்றை நான் எழுதவில்லை. மறதி என்று அவளிடம் சொன்னேன். பிறர் விட்டதைப் பிடிப்பதையே பிழைப்பாகக் கொண்டவன் நான், எனக்கு அப்படியெல்லாம் விட்டுப்போகாது. வேண்டுமென்றுதான் விட்டேன். பெரிய குற்றமாக எனக்குப் படவில்லை. கடிதத்தில் எல்லாவற்றையும் எழுதிவிட்டால் எதிராளி எதைக் கேட்டுப் பதில் போடுவார்?

மூன்றாம் நாள் போன் வந்தது.

"அங்கிள், பெட்ரோல் போட்டேன். இப்ப கிளம்ப மாட்டேங்குது. பின்னாடி ஆறு வண்டி நிக்குது, திட்டுறாங்க."

"டேங்க் மூடியத் திறம்மா. கொஞ்சம் மூச்சு விடட்டும். இப்ப மூடு. சாவியத் திருப்பு."

கிளம்பிவிட்டது. "அங்கிள், நீங்க மந்திரவாதி" என்றாள். பேசி முடித்த பிறகும் கொஞ்ச நேரம் போனைக் காதிலேயே வைத்திருந்தேன்.

அதற்கு முன் என் போனுக்கு யார் கூப்பிடுவார்கள் என்கிறீர்கள்? கடன் வேண்டுமா என்று கேட்கும் பெண்கள். அப்புறம், நாற்காலிக் கடை என்று நினைத்து வாரா வாரம் தவறாகக் கூப்பிடும் ஒருவர். முதல் இரண்டு முறை தவறான எண் என்று சொன்னேன். மூன்றாவது முறை சோபா விலை சொல்ல ஆரம்பித்துவிட்டேன். ஒரு மாதம் பேரம் பேசினோம். கடைசியில் விலை படியாமல் அவர் வேறு கடைக்குப் போய்விட்டார். கொஞ்சம் இறங்கி வந்திருக்கலாமே என்று எனக்கு வருத்தம்தான்.

விட்டுவைத்த இரண்டாவது குணத்துக்காக நான் நேரிலேயே போக வேண்டியிருந்தது. பின் கதவை ஓங்கிச் சாத்தினால் தானே பூட்டிக்கொண்டுவிடும். உள்ளே மூன்றடுக்குக் கேக் இருந்தது. பஸ் பிடித்துப் போய் ஒரு நிமிஷத்தில் திறந்து கொடுத்தேன். கேக்கைக் கொடுத்துவிட்டு வந்து உள்ளே அழைத்தாள். தரைத்தளத்து வீடு. கூடத்திலேயே கேக் சுடும் ஓவன் இரண்டு. மேசை நாற்காலி எல்லாவற்றின் மேலும் மடிக்காத அட்டைப் பெட்டிகள். சன்னலோரம் அவளுடைய அப்பா, மணிக்கட்டின் உள்பக்கம் கடிகாரம் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். மகளுடைய கேக் ஒவ்வொன்றையும் அவர்தான் வழியனுப்புவார். "பத்து இருபத்தஞ்சு சாக்லேட், நாலு நிமிஷம் லேட்" என்று குரல் கொடுப்பார்.

"வாங்க வாங்க. மாப்பிள்ளையோட அப்பாவா?" என்றார். மகள் பெயர்க் கதையைச் சொல்லியிருக்கிறாள்.

"வித்தவன்" என்றேன்.

"ரெண்டும் ஒண்ணுதான். ஊமைக் குறையெல்லாம் மறைச்சு எங்க தலையில கட்டிட்டீங்களே சம்பந்தி."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் சிரித்தேன். என்னை உறவு சொல்லி ஒருவர் கூப்பிட்டு ஐந்து வருஷம் ஆகியிருந்தது. தேநீர் கொடுத்தார்கள். கிளம்பும்போது, கலக்கின ஸ்பூனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். அது மறதிதான். இன்றைக்கு நான் வந்ததும் வாங்கிக் கவருக்குள் போட்டீர்களே, அதே ஸ்பூன்.

ஆறேழு மாதம் நன்றாக ஓடியது. வாரத்துக்கு ஒரு தடவையாவது கூப்பிடுவாள். பாதி நாள் போனிலேயே முடிந்துவிடும், பாதி நாள் போவேன். போனால் சம்பந்தி பிடித்து வைத்துக்கொள்வார்.

"சம்பந்தி, எங்க டிப்பார்ட்மென்ட்டுல ஒரு வண்டி இப்படி மக்கர் பண்ணா ஷெட்டுக்கு அனுப்பிடுவோம். நீங்க என்னடான்னா பத்தொன்பது வருஷம் தாலாட்டுப் பாடியிருக்கீங்க."

"ரயிலுக்கு மனசு கிடையாது" என்பேன்.

"உங்க மாப்பிள்ளைக்கு மனசு மட்டும்தான் இருக்கு. மத்ததெல்லாம் கழண்டு போச்சு."

பிறகு அவள் ஒரு மெக்கானிக்கைப் பிடித்தாள். அவர் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை, இதைத் தெளிவாகவே எழுதிக்கொள்ளுங்கள். வேலை தெரிந்தவர். ஸ்க்ரூடிரைவரின் ஒரு முனையை எஞ்சினிலும் மறு முனையைக் காதிலும் வைத்துக் கேட்பார். என் தாளைப் படித்துப் பார்த்துவிட்டு, "பெரியவரே, நீங்க வண்டி ஓட்டல. வண்டிக்கு வேலைக்காரனா இருந்திருக்கீங்க" என்றார்.

அவர் ஒவ்வொன்றாகச் சரி செய்தார். அவள் அந்தத் தாளைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருந்தாள். ஒன்று சரியானதும் சிவப்புப் பேனாவால் ஒரு கோடு. வாழ்நாளெல்லாம் சிவப்புக் கோடு போட்டவன் நான், போகும்போதெல்லாம் எத்தனை பாக்கி என்று எண்ணிப் பார்ப்பேன். ஹாரன் ஊமையானது. ரிவர்ஸ் விழுந்தது. ஏழாவது குணம்கூடப் போய்விட்டது, ஏதோ புது மோட்டார் போட்டார்களாம். செலவு கொஞ்சமில்லை. சம்பந்தி ரசீதுகளை ஒரு கம்பியில் குத்தி வைத்திருந்தார். "இன்னும் ரெண்டு ரசீது சேர்ந்தா கம்பி நிறைஞ்சிடும், புது வண்டியே வாங்கியிருக்கலாம்" என்பார்.

அவளுக்கு ஒரே சந்தோஷம். "பாருங்க அங்கிள், இன்னும் நாலுதான் பாக்கி." பிறகு இரண்டு. பிறகு ஒன்றுமில்லை.

பிறகு ஆறு வாரம் போன் வரவில்லை.

நீங்கள் சின்ன வயதுக்காரர், ஆறு வாரம் என்றால் உங்களுக்கு ஒன்றும் தெரியாது. நான் போன் பழுதோ என்று கடையில் கொண்டுபோய்க் காட்டினேன். கடைக்காரர் தன் போனிலிருந்து கூப்பிட்டுக் காட்டினார். அடித்தது. நன்றாகத்தான் அடித்தது. அடுத்த வாரமும் போய்க் காட்டினேன். அதற்கு அடுத்த வாரம் அவர் நான் வருவதைப் பார்த்ததுமே எடுத்து அடித்துவிட்டு, "போங்க சார்" என்றார்.

நான் விட்டுவைத்த மூன்றில் ஒன்று பாக்கியிருந்தது. அது யாருக்கும் தெரியாததால் யாரும் ரிப்பேர் செய்யவில்லை. பானெட்டின் விளிம்பில், இடதுபக்க விளக்குக்கு மேலே, ஒரு ஸ்பூனின் காம்பை விட்டு நெம்பினால் பூட்டு விலகிக்கொடுக்கும். காருக்குள்ளிருக்கும் லீவரைத் தொட வேண்டியதில்லை.

ஒரு சனிக்கிழமை மதியம் போனேன். வண்டி வீட்டின் பின்பக்கம் நிற்கும். அந்தப் பக்கம் சன்னல் கிடையாது, ஓவனின் புகை போகும் விசிறி மட்டும் இரைந்துகொண்டிருக்கும். சம்பந்தி அந்த நேரத்தில் கண்ணயர்ந்துவிடுவார். எஞ்சினுக்குப் பக்கத்தில் காயில் என்று ஒரு சின்ன உருளை இருக்கிறது. அதற்கு ஓர் ஒல்லி ஒயர் போகும். அது இல்லாமல் வண்டி என்ன சுற்றினாலும் உயிர் பிடிக்காது. அதன் முனையைக் கழற்றிவிட்டு, மேலே இருக்கும் ரப்பர் உறையை மட்டும் பழையபடி தள்ளி வைத்துவிட்டேன். பார்க்கிறவர்களுக்கு மாட்டியிருப்பது போலத்தான் தெரியும். தலைவலிக்காரன் நெற்றியில் துணி கட்டிக்கொள்வதைவிடச் சின்ன வேலை. எதுவும் உடையவில்லை, எதுவும் தேயவில்லை. இதில் செலவே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

ஏன் சனிக்கிழமை என்றால், ஞாயிறு மெக்கானிக் கடை விடுமுறை.

ஞாயிறு காலை கூப்பிட்டாள். போனேன். பானெட்டைத் திறந்து, "ஒரு தம்ளர் தண்ணி கொண்டு வாம்மா" என்று அவளை உள்ளே அனுப்பிவிட்டு, குனிந்து முனையை மாட்டினேன். கிளம்பிவிட்டது. தண்ணீரை நான் குடித்துவிட்டேன். "உங்க கை பட்டாத்தான் அது கேக்குது அங்கிள்" என்றாள். நான் அதன் காதில் ஏதோ ரகசியம் சொன்னதாக அவள் எல்லாரிடமும் சொல்வாளாம்.

இப்படி நாலு முறை. ஒவ்வொரு திங்கட்கிழமையும் அவள் மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் காட்டுவாள். வண்டி நன்றாகத்தானே இருக்கும், அவர் எதைக் கண்டுபிடிப்பார்? "வண்டில ஒண்ணும் இல்லம்மா" என்பார். நாலாவது முறை அவள் போனில் கத்தியதை நான் கேட்டேன். "ஒண்ணும் இல்லன்னா வாரா வாரம் எப்படி நிக்குது? பழுத நீங்களே வெச்சு நீங்களே எடுக்கிறீங்களா?" அதற்குப் பிறகு அவர் வரவில்லை. பாவம், நல்ல மனிதர். அவருடைய வாடிக்கைக்காரர்களில் நாலைந்து பேர் அவள் சொல்லி வந்தவர்கள். அவர்களும் போய்விட்டார்களாம். அதற்காக நான் வருந்தினேன். ஆனால் நான் அவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. யாராவது கேட்டால் நல்லவர் என்றுதான் சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை.

இப்போது அந்த வாரத்துக்கு வருகிறேன்.

வியாழக்கிழமை சம்பந்தியே போன் செய்தார். அவர் என்னைக் கூப்பிட்டது அது ஒருமுறைதான்.

"சம்பந்தி, மனசத் தேத்திக்குங்க. மாப்பிள்ளைய ஷெட்டுக்கு அனுப்புறோம். புதுசு புக் பண்ணியாச்சு, திங்கக்கிழமை வருது."

"அப்படியா" என்றேன்.

"அஞ்சு வருஷத்துக்கு ஒண்ணும் ஆகாதாம். கம்பெனிக்காரனே எழுதிக் குடுக்கிறான்."

"ஒண்ணுமே ஆகாதா?"

"ஒண்ணும் ஆகாது. ஆனாலும் அவங்க வந்து பாத்துக்குவாங்க. என்ன சத்தத்தக் காணோம்? வண்டி போனா போகுது, நீங்க வாங்க. ஞாயித்துக்கிழமை சும்மா வந்து உக்காந்துட்டுப் போங்க. எனக்கும் பேச ஆள் வேணும்ல?"

அவர் அப்படிச் சொன்னார் என்பதை நான் மறைக்கவில்லை. நல்ல மனசோடு சொன்னார். ஆனால் ஒரு வேலையும் இல்லாமல் ஒருவர் வீட்டுக்குப் போய் எப்படி உட்காருவது என்று எனக்குத் தெரியாது, தம்பி. கதவைத் தட்டினால் "என்ன விஷயம்" என்று கேட்பார்களே, என்ன விஷயம் என்று சொல்வது? ஐந்து வருஷம் என்றார். எனக்கு எழுபத்தொன்று. மனதுக்குள் கூட்டிப் பார்த்தேன்.

சனிக்கிழமை மதியம் போய் ஒயரைக் கழற்றினேன். கடைசி முறையாக ஒரு தடவை வண்டியை நான் கிளப்பிக் கொடுக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு எண்ணம் இல்லை. வழியனுப்புவது மாதிரி. அவரே தினம் பத்துக் கேக்கை வழியனுப்புகிறவர், அவருக்கு அது புரிந்திருக்கும்.

ஞாயிறு காலை பத்து எட்டுக்கு முதல் அழைப்பு. எடுக்கவில்லை. திங்கட்கிழமைக்குப் பிறகு என் எண் அவளுக்குத் தேவைப்படாது. ஒரு தடவையாவது என்னைத் தேடட்டுமே என்று இருந்தது. மேசைமேல் போன் நடுங்கிக்கொண்டே நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நின்றது. மறுபடி அடித்தது. நின்றது. மறுபடி. மொத்தம் ஒன்பது முறை. என்னை யாரும் அதுவரை ஒன்பது முறை கூப்பிட்டதில்லை. என் மனைவிகூட மூன்றாவது முறைக்கு மேல் கூப்பிடமாட்டாள், நேரில் வந்துவிடுவாள்.

அப்போது குளியலறையில் இருந்தேன், போன் சத்தம் கேட்கவில்லை என்று அன்றைக்கு அவளிடம் சொன்னேன். உங்களுடைய ஏட்டும் முதல் நாள் அப்படித்தான் எழுதிக்கொண்டார். அதை அடித்துவிடுங்கள். குளியலறையில் இல்லை. மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாவது அழைப்புக்குப் பிறகு அவள் குரலைப் பதிந்து அனுப்பியிருந்தாள். அதை எப்போது கேட்டேன் என்றுதானே நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். வந்தவுடனே கேட்டேன். "அங்கிள், அப்பாவுக்கு நெஞ்சு வலிக்குதுங்கிறார். வேர்த்து ஊத்துது. வண்டில உக்கார வெச்சிருக்கேன். கிளம்ப மாட்டேங்குது அங்கிள். எதத் தட்டணும்னு மட்டும் சொல்லுங்க, போதும்." இரண்டாவது தடவையும் கேட்டேன். குரல் அவ்வளவு கிட்டத்தில் இருந்தது.

அங்கே நடந்ததை அப்புறம் அவளே எனக்குச் சொன்னாள். ஆம்புலன்ஸுக்குத்தான் முதலில் பேசியிருக்கிறாள். ஏதோ ஓட்டப் பந்தயம் என்று பெரிய சாலையை அடைத்திருந்ததால் அரை மணி ஆகும் என்றார்களாம். ஆஸ்பத்திரிக்குச் சந்து வழியாகக் காரில் எட்டு நிமிஷம். பக்கத்து வீட்டுக்காரர் தாங்கிப் பிடித்து அவரை முன் சீட்டில் உட்கார வைத்தார். டாக்ஸி பிடிக்கவா என்று கேட்டிருக்கிறார். "வேணாம், அங்கிள் போன எடுத்தா உடனே கிளம்பிடும்" என்றாளாம் அவள். தாளில் என்றோ கோடு போட்டு அடித்ததை மனதுக்குள் வைத்திருந்து, ஆக்ஸிலரேட்டரை இரண்டு முறை அமுக்கி நாற்பது எண்ணினாளாம். சம்பந்தியும் கூட எண்ணினாராம். இருபத்தெட்டு இருபத்தொன்பது வரை சத்தமாகவே. அப்படிப் பத்தொன்பது நிமிஷம். நடுவில் வண்டியை விட்டு இறங்கவே இல்லை. நான் எழுதிக் கொடுத்ததை அவ்வளவு அக்கறையாகப் படித்தவர்கள் வேறு யாரும் இல்லை. நாற்பது வருஷத்தில் நான் திருத்திய எந்தப் புத்தகத்தையும் யாரும் அப்படிப் படித்திருக்கமாட்டார்கள்.

போனை எடுத்து ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். சொல்லியிருக்கலாம். "ரப்பர் உறையை நீக்கி ஒயரை மாட்டும்மா." ஐந்து சொல். அது எப்படி உங்களுக்குத் தெரியும் என்று அவள் கேட்பாளே என்று பயந்ததாக முதலில் நினைத்தேன். அப்படியில்லை. அந்த நேரத்தில் அவள் எதையும் கேட்டிருக்கமாட்டாள் என்று எனக்கும் தெரியும். போனில் சொன்னால் அங்கேயே முடிந்துவிடும். நான் போக வேண்டியதில்லை. அதுதான் காரணம். நேரில் போய்ச் சரி செய்து கொடுத்து, நானும் கூடவே ஏறி ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று நினைத்தேன். சம்பந்திக்குத் துணையாக. போக வேண்டும் என்று முடிவு செய்தவன்தான் நான். அதை நீங்கள் எழுத வேண்டும். சட்டை கசங்கியிருந்தது, இஸ்திரி போட்டுக்கொண்டேன். பிறகு பஸ்.

நான் போய்ச் சேர்ந்தபோது பத்து ஐம்பத்தைந்து. ஆம்புலன்ஸ் வந்து அவரை எடுத்துப் போயிருந்தது, அவளும் அதிலேயே போய்விட்டாள். அவர் காரிலேயே முடிந்துவிட்டார் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். முன் கதவு திறந்தபடி கிடந்தது. கீழே ஒற்றைச் செருப்பு. நான் அதை எடுத்து மிதியடியின் மேல் ஒழுங்காக வைத்தேன். பானெட்டைத் திறந்து முனையை மாட்டினேன். சாவி அதிலேயே இருந்தது. முதல் திருப்பலிலேயே கிளம்பிவிட்டது. இத்தனை வருஷத்தில் மாப்பிள்ளை அவ்வளவு மென்மையாக ஓடி நான் கேட்டதில்லை. "பாருங்க, வண்டில ஒண்ணும் இல்ல" என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் உள்ளே போய்விட்டார்.

அதற்குப் பிறகு பதினேழு நாள். அவளுக்கு வேறு யாரும் இல்லை. காலையில் போவேன், விளக்கு வைக்கும்வரை இருப்பேன். வருகிறவர்களுக்கு நாற்காலி போட்டேன், காகிதங்களில் கையெழுத்து எங்கே என்று காட்டினேன், அட்டைப் பெட்டிகளை மடித்தேன். "அங்கிள், நீங்க இல்லன்னா நான் என்ன பண்ணியிருப்பேன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். புது வண்டியை வேண்டாமென்று சொல்லிவிட்டாள். அப்பா கடைசியாக உட்கார்ந்த வண்டி, கொடுக்க மனசு வரவில்லையாம். மறுபடி கேக் கொண்டுபோக ஆரம்பித்தபோது நானும் கூடப் போனேன், முன் சீட்டில். கதவைச் சாத்தும்போது நேரம் சொன்னேன். "பத்து முப்பது வெனிலா." அவள் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். நல்ல நாட்கள் அவை. மறைக்காமல் சொன்னால், என் மனைவி போன பிறகு அவ்வளவு நல்ல நாட்கள் எனக்கு வாய்த்ததில்லை.

பதினெட்டாம் நாள் அந்த மெக்கானிக் துக்கம் கேட்க வந்திருக்கிறார். அவருக்கு மனசு கேட்காமல் பானெட்டைத் திறந்து பார்த்திருக்கிறார். ஒயரின் முனை, அடிக்கடி கழற்றி மாட்டியதில், பளபளவென்று இருந்ததாம். விளிம்பில் பெயிண்ட் உரிந்து ஒரு கீறல், ஸ்பூன் காம்பின் அகலத்துக்கு. அவள் அடுக்களைக்குப் போய் ஸ்பூன்களை எண்ணியிருக்கிறாள். அவர் சொன்னதெல்லாம் சரிதான். வேலை தெரிந்தவர் என்று நான் முதலிலேயே சொன்னேன்.

ஆக, ஒயரைக் கழற்றியது நான். செய்தியைக் கேட்டது நான். சொல்லாமல் இருந்தது நான். சம்பந்தி மேல் எனக்கு எந்தப் பகையும் கிடையாது. என்னை உறவாக நினைத்தவர் அவர் ஒருவர்தான் என்று இப்போது சொல்லும்போதுதான் எனக்கே தெரிகிறது. இதன் கீழே கையெழுத்துப் போடுகிறேன். அவளுடைய புகாரையும் காட்டினீர்கள், அவள் கையெழுத்துத்தான். கோபத்தில் போட்டிருக்கிறாள். எழுத்து சாய்ந்திருக்கிறது பாருங்கள், நிதானமாகப் போட்டதில்லை. அப்பா போன துக்கத்தில் இருக்கிற பெண், யார் மேலாவது காட்டத்தானே வேண்டும்?

ஒரே ஓர் உதவி. நாளைக் காலை எட்டு மணிக்கு அவள் ஒரு கேக் கொண்டுபோக வேண்டும், ஊரின் அந்தக் கோடிக்கு, இரண்டடுக்கு. நீங்கள் என்னை வரச் சொன்னது பகல் மூன்று மணிக்கு. நான் கொஞ்சம் முன்னாலேயே கிளம்பி, அவள் வீட்டுப் பின்பக்கமாகப் போய்விட்டுத்தான் இங்கே வந்தேன். ஆகவே அந்தக் கவரிலிருந்து என் போனை எடுத்து இந்த மேசைமேல் வைத்துவிடுங்கள், தம்பி. சார்ஜ் கொஞ்சம்தான் இருந்தது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த முறை முதல் மணியிலேயே எடுத்துவிடுவேன்.